திருடிய வீரம்: போகாத போருக்குப் பதக்கம் அணிபவர்கள்

2014 நவம்பர் 11, கனடாவின் தலைநகர் ஒட்டாவா. போரில் மடிந்தவர்களை நினைவுகூரும் நாள். தேசியப் போர் நினைவுச்சின்னத்தைச் சுற்றி அன்று பெருங்கூட்டம். மூன்று வாரத்துக்கு முன்புதான் அதே இடத்தில் காவல் நின்ற இளம் வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கூட்டத்தில் நின்ற ஒரு சார்ஜென்ட்டிடம் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். சீருடை, நெஞ்சில் பதக்க வரிசை, பாரசூட் வீரர்களுக்குரிய சிறகுச் சின்னம். அவரும் பேட்டி கொடுத்தார்.

வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த முன்னாள் வீரர்களுக்கு என்னவோ உறுத்தியது. அணிந்திருந்த பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆளைத் தெரியுமா என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். அந்தச் சீருடைக்குரிய படைப்பிரிவில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் அவர் ராணுவத்தில் ஒருநாள்கூடப் பணியாற்றியவர் இல்லை. அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவில் இதை ‘ஸ்டோலன் வேலர்’ என்கிறார்கள். திருடிய வீரம் என்று தமிழில் சொல்லலாம். பிரிட்டனில் இப்படிப்பட்ட ஆளை ‘வால்ட்’ என்பார்கள். பகற்கனவிலேயே போர் விமானியாகவும் மாவீரனாகவும் வாழ்ந்த ஒரு கதாபாத்திரத்தின் பெயரைச் சுருக்கி உண்டாக்கிய வசைச்சொல் அது.

‘திருட்டு’ என்ற சொல் முதலில் எனக்கே மிகையாகத்தான் பட்டது. ஒருவர் பொய்யாகப் பதக்கம் குத்திக்கொண்டால், உண்மையில் அதைப் பெற்றவரின் பதக்கம் எங்கேயும் போய்விடுவதில்லையே, பிறகு எது களவு போகிறது? முன்னாள் வீரர்கள் ஏன் இதற்கு இத்தனை கொதிக்கிறார்கள் என்பது அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஒரு சின்னத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க ராணுவத்தில் ‘பர்ப்பிள் ஹார்ட்’ என்ற பதக்கம் உண்டு. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்கும் உயிரிழந்தவருக்கும் தரப்படுவது. விழுப்புண் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, அதற்கான பதக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விண்ணப்பித்துப் போட்டியிட முடியாது. திறமை காட்டி வாங்கவும் முடியாது. உடம்பால் மட்டுமே வாங்கக்கூடியது. இதன் மூதாதை, 1782-இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய ஊதா நிற இதய வடிவத் துணிச் சின்னம். அதை அறிமுகப்படுத்திய அதே ஆணையில், உரிமையில்லாத எவரேனும் அணியத் துணிந்தால் கடும் தண்டனை என்றும் வாஷிங்டன் எழுதிவைத்தார். போலி வருவான் என்பது பதக்கம் பிறந்த அன்றே தெரிந்திருக்கிறது.

ராணுவ உடையில் இருக்கும் ஒவ்வொரு துண்டுத் துணிக்கும் உலோகத்துக்கும் இப்படி ஒரு அர்த்தம் உண்டு. நெஞ்சிலிருக்கும் வண்ணப் பட்டைகளைப் பழகியவர்கள் வாசிப்பார்கள்: இந்தப் பட்டை இந்தப் போர், இது நன்னடத்தைக்கு, இது வீரச்செயலுக்கு. சில அமெரிக்கப் பதக்கங்களின் பட்டைமீது கால் அங்குல உயரத்தில் வெண்கலத்தால் ஆன ‘வி’ எழுத்து ஒன்று இருக்கும். அது இருந்தால் சண்டைக்களத்தில் காட்டிய துணிவுக்காகப் பெற்றது என்று பொருள். இல்லாவிட்டால் வேறு நற்பணிக்காக. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இறந்துபோன தந்தையின், தாத்தாவின் பதக்கங்களைப் பிள்ளைகள் அணிவதுண்டு, ஆனால் வலப்பக்க நெஞ்சில். இடப்பக்கம், சொந்தமாகப் பெற்றவருக்கு மட்டும். ஒரு சாண் தள்ளிக் குத்திக்கொண்டால் வாக்கியமே மாறிவிடுகிறது. போலிகள் பெரும்பாலும் பிடிபடுவது இங்கேதான். அவர்கள் கடையிலோ இணையத்திலோ எழுத்துகளை வாங்கிவிடுகிறார்கள், மொழி தெரிவதில்லை.

பொய்யிலும் பல தரம் உண்டு. படையில் சேராமலே சேர்ந்ததாகச் சொல்வது முதல் வகை. சேர்ந்தவர்தான், ஆனால் கிடங்கில் கணக்கெழுதியதை மறைத்துக் கமாண்டோ என்று சொல்லிக்கொள்வது இரண்டாவது. என் கணிப்பில் இரண்டாவது வகைதான் முன்னாள் வீரர்களை அதிகம் சங்கடப்படுத்துகிறது. அவர் முழுப் பொய்யர் இல்லை, தங்களில் ஒருவர். சீருடையை உண்மையாகவே அணிந்தவர், அது போதாது என்று நினைத்திருக்கிறார்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோசப் எல்லிஸ் இதற்கு உதாரணம். புலிட்சர் பரிசு பெற்றவர். வியட்நாமில் போரிட்டதாக மாணவர்களிடம் பல ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிவந்தார். ராணுவத்தில் இருந்தது உண்மை; ஆனால் அந்தக் காலத்தில் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தார். 2001-இல் செய்தித்தாள் ஒன்று இதை வெளிக்கொண்டு வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், கல்லூரி ஓராண்டு ஊதியமில்லாமல் இடைநீக்கம் செய்தது. டொரன்டோ புளூ ஜேஸ் பேஸ்பால் அணியின் மேலாளர் டிம் ஜான்சன் கதையும் இதே மாதிரிதான். ஆட்டக்காரர்களுக்கு உரமேற்றுவதற்காக வியட்நாம் கதைகளைச் சொல்லிவந்தார். கடற்படைக் காலாட்படையின் சேமப்படையில் இருந்து, மற்றவர்களுக்கு மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியில் பயிற்சி கொடுத்தவர். வியட்நாம் பக்கமே போனதில்லை. 1999-இல் வேலை போயிற்று. மற்றவர்கள் போனபோது தான் போகவில்லையே என்ற குற்றவுணர்வு தன்னை அரித்ததாகப் பின்னர் சொன்னார்.

இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபத்தைவிட வருத்தமே வந்தது. மோர்ட்டார் பயிற்சி கொடுப்பது சின்ன வேலையா? அவரிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் உயிரோடு திரும்பியதில் அந்தப் பயிற்சிக்கும் பங்கு இருக்கத்தானே செய்யும்.

ஏன் பொய் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரே பதில் இல்லை. மதிப்புக்காகச் சிலர், தனிமையில் சிலர், மனநோயால் சிலர், காசுக்காகச் சிலர். காசுக்காகச் சொன்னவர்களில் ஒருவரின் வழக்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பெண், முன்னாள் வீரர்களுக்கான அரசுத் துறையில் சமூகப் பணியாளராக இருந்தவர். தான் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றியதாகவும், குண்டுவெடிப்பில் காயம்பட்டதாகவும், போர்க்களப் புகையைச் சுவாசித்ததால் புற்றுநோய் வந்துவிட்டதாகவும் சொன்னார். சீருடையும் பர்ப்பிள் ஹார்ட்டும் அணிந்து மேடையேறினார். முன்னாள் வீரர்களின் சங்கக் கிளை ஒன்றுக்குத் தலைவியாகவே ஆனார். தொண்டு நிறுவனங்களிடமிருந்தும் தனியாரிடமிருந்தும் அவர் பெற்ற பணமும் சலுகைகளும் சேர்ந்து 2,50,000 டாலருக்கு மேல். அத்தனையும் பொய். படையில் அவர் இருந்ததே இல்லை, புற்றுநோயும் இல்லை. அலுவலகத்தில் தன் கைக்கு எட்டிய உண்மையான வீரர்களின் ஆவணங்களைக்கொண்டுதான் தனக்கான ஆவணங்களை உருவாக்கியிருந்தார். 2023-இல் 70 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

புற்றுநோயோடு ஒரு மனிதர் உதவிகேட்டு அந்த அலுவலகத்துக்கு வருகிறார். எதிரில் இருப்பவரை நம்பித் தன் நோய்க் காகிதங்களைக் கொடுக்கிறார். அந்தக் காகிதம் இன்னொருவருடைய கதையாகிவிடுகிறது. திருட்டு என்ற சொல் மிகை என்ற என் எண்ணம் இந்த வழக்கைப் படித்தபோதுதான் போனது.

‘திருடிய வீரம்’ என்ற பெயர் பரவிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. பி.ஜி. பர்க்கெட் என்ற வியட்நாம் போர்வீரர் 1998-இல் வெளியிட்ட நூலின் தலைப்பு அது. டெக்சாஸில் வியட்நாம் நினைவுச்சின்னம் எழுப்ப நன்கொடை கேட்டுப் போனபோது, வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் எல்லாரும் குடிகாரர்கள், மனம் சிதைந்தவர்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். செய்திகளில் அப்படிக் காட்டப்பட்டவர்களின் பணிப்பதிவுகளைத் தகவல் அறியும் சட்டத்தின்வழி கேட்டு வாங்கத் தொடங்கினார். போருக்கே போகாதவர்கள், படையிலேயே இல்லாதவர்கள் என ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். போலிகள் மாவீரர் வேடம் மட்டும் போடுவதில்லை, நொறுங்கிப்போனவர் வேடமும் போடுகிறார்கள். அந்த வேடத்தைப் பார்த்துத்தான் ஒரு சமூகம் உண்மையான வீரரைப் பற்றி முடிவு கட்டுகிறது. வேலை கேட்டுப் போகிறவரை முதலாளி பார்க்கும் பார்வையில் அந்தப் போலியின் நிழல் விழுகிறது.

இனி முன்னாள் வீரர்களின் மனசுக்கு வருவோம்.

அவர்கள் பேசுவதைக் கேட்டால், முதலில் வருவது தங்களைப் பற்றிய பேச்சாக இருக்காது. செத்துப்போனவர்களைப் பற்றியதாக இருக்கும். ‘இவன் குத்தியிருக்கும் பதக்கம் என் நண்பனின் சவப்பெட்டிமேல் வைத்தது’ என்ற வகையில்தான் அந்தக் கோபம் வெளிப்படுகிறது. உயர்ந்த பதக்கங்களில் பல, பெற்றவர் இறந்தபின் குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டவை. ஒரு தாய் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதையே இன்னொருவர் விருந்துக்கு அணிந்து போகிறார்.

இரண்டாவது, பேசாமை. உண்மையிலேயே கொடும் சண்டையைப் பார்த்தவர்களில் பலர் அதைப் பற்றி வீட்டில்கூட வாய்திறப்பதில்லை. சொல்ல முடியாமல் ஆண்டுக்கணக்கில் தொண்டையில் நிற்கும் ஒன்றை, நடக்காத இடத்தில் நடந்ததாக ஒருவர் சரளமாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவதைப் பார்க்கும்போது ஏற்படும் அருவருப்பு தனி. போலி தன் கதையில் எப்போதும் வீரன். உண்மையானவரின் நினைவிலோ பயமும் தப்பும் காப்பாற்ற முடியாமல் போனவரின் முகமும் கலந்திருக்கும். பதக்கம் பெற்ற பலரே, இது எனக்கல்ல, திரும்பாதவர்களுக்கு என்று சொல்வதன் பொருள் இதுதான்.

மூன்றாவது, சந்தேகம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பாகத் தெரிகிறது. படைவீரர் சொன்னால் மக்கள் நம்புவார்கள். காகிதம் கேட்க மாட்டார்கள். போலி பிழைப்பதே அந்த நம்பிக்கையின்மேல்தான். ஒவ்வொரு போலி பிடிபடும்போதும் அந்தக் கையிருப்பில் கொஞ்சம் குறைகிறது. கடைசியில், நிஜமாகவே கால் போனவரிடம் ‘சான்று இருக்கிறதா?’ என்று கேட்கும் நிலை வருகிறது. மனக்காயத்துக்குச் சிகிச்சை கேட்டு வருபவர் முதலில் தான் நடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2009-இல் அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒன்று கணக்குப் பார்த்தது. 1991 வளைகுடாப் போரில் எதிரியிடம் சிறைப்பட்டு அப்போது உயிரோடிருந்தவர்கள் பாதுகாப்புத் துறைக் கணக்குப்படி 21 பேர். அதே போரின் போர்க்கைதிகள் என்ற பெயரில் உதவித்தொகை பெற்றவர்களாக முன்னாள் வீரர்கள் துறையின் பதிவில் இருந்தவர்கள் 286 பேர். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிடக் கூடாது, எழுத்தர் பிழையும் அதில் இருக்கலாம். ஆனால் உண்மையான அந்த 21 பேரில் ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படித்துப்பாருங்கள்.

எல்லாரும் ஒரே மாதிரி கொதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரிதாபப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பேசும் சுதந்திரத்தைக் காக்கத்தானே படையில் சேர்ந்தோம், பொய் சொல்பவனுக்கும் அது உண்டு என்பவர்களும் உண்டு.

அந்த வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. பெறாத ராணுவப் பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்வதே குற்றம் என்று 2005-ஆம் ஆண்டின் பெயரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2006 டிசம்பரில் கையெழுத்தானது. 2007-இல் கலிபோர்னியாவில், குடிநீர் வாரியம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சேவியர் ஆல்வாரெஸ் என்பவர் கூட்டமொன்றில் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்: 25 ஆண்டுகள் கடற்படைக் காலாட்படையில் இருந்தேன், 1987-இல் மெடல் ஆஃப் ஹானர் பெற்றேன். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அது. அவர் சொன்னதில் ஒன்றும் உண்மையில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. 2012 ஜூனில் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. ஆல்வாரெஸுக்குப் பொய் சொல்வது பழக்கம் என்றே நீதிபதி கென்னடி தீர்ப்பைத் தொடங்கியிருந்தார். ஆனாலும் பொய் என்ற ஒரே காரணத்துக்காகப் பேச்சை அரசு தண்டிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பதுதான் நீதிமன்றத்தின் கவலை. பொய்க்கு மருந்து உண்மையைச் சொல்வது, பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை அரசு வெளியிடலாமே என்றார் கென்னடி.

அடுத்த மாதமே பாதுகாப்புத் துறை அப்படியொரு இணையதளத்தைத் தொடங்கியது. 2013 ஜூனில் திருத்திய சட்டம் வந்தது. இப்போது வெறுமனே பீற்றிக்கொள்வது குற்றமில்லை. குறிப்பிட்ட பதக்கங்களைப் பெற்றதாகப் பொய் சொல்லிப் பணமோ பொருளோ வேறு ஆதாயமோ அடைய முயன்றால் ஓராண்டுவரை சிறை. எனக்கு இந்தக் கோடு சரியான இடத்தில் போடப்பட்டதாகவே படுகிறது. முன்னாள் வீரர்களில் பலருக்கு அது போதவில்லை. மதுக்கடையில் பொய் சொல்லி மதிப்பு வாங்குபவனும் திருடன்தான் என்பது அவர்கள் கட்சி. கனடாவில் சட்டம் வேறு மாதிரி: உரிமையில்லாமல் ராணுவச் சீருடையோ பதக்கமோ அணிவதே குற்றம். ஒட்டாவாவில் பேட்டி கொடுத்தவர் சிக்கியது அதில்தான்.

சட்டத்துக்கு அப்பால், வெளிவந்தபின் நேரும் அவமானமே பெரிய தண்டனை. சுவிட்சர்லாந்தில் அமெரிக்கத் தூதராக இருந்த லாரி லாரன்ஸ் 1996-இல் பதவியிலேயே இறந்தார். இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பல் மாலுமியாக இருந்து, எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர் என்ற பெயரில், படைவீரர்களுக்கான ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கடலில் காயம்பட்டதாகச் சொன்ன காலத்தில் சிகாகோவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார் என்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது. 1997 டிசம்பரில் உடலைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோனார்கள்.

சரி, ஒருவர் சொல்வது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் படையிலிருந்து விடுபடும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுப்பார்கள், டிடி-214 என்று பெயர். கட்டம் கட்டமாக இருக்கும். 11-ஆவது கட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்பது, 12-இல் எவ்வளவு காலம், அதில் வெளிநாட்டில் எத்தனை நாள் என்பது, 13-இல் பதக்கங்கள், 24-இல் எந்த முறையில் விடுவிக்கப்பட்டார் என்பது. ஒரு மனிதரின் இளமை முழுவதும் ஒற்றைத் தாளில் அடங்கிவிடும். போலிகள் இந்தத் தாளைத் தொலைத்துவிட்டதாகச் சொல்வார்கள், அல்லது ‘என் பணி ரகசியம், பதிவே கிடையாது’ என்பார்கள். ரகசியப் பணிகள் இருப்பது உண்மைதான். ஆனால் ரகசியப் பணிக்குப் போனவரும் எங்கோ பயிற்சி பெற்றிருப்பார், சம்பளம் வாங்கியிருப்பார், ஒரு பிரிவில் பெயர் இருந்திருக்கும். போன இடம் மறைக்கப்படலாம், படையில் இருந்ததே மறைக்கப்படுவதில்லை.

இந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் தெருவில் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சீருடையில் நிற்பவரைக் கைபேசியால் படம்பிடித்து, கேள்விமேல் கேள்வி கேட்டு அவமானப்படுத்தி இணையத்தில் ஏற்றுகிறார்கள். சில சமயம் போலி சிக்குகிறார். சில சமயம் சிக்குபவர் நிஜமான வீரர், வயதாகிப் பிரிவின் எண்ணை மறந்துபோனவர், பதக்கத்தை நடுங்கும் கையால் தவறான வரிசையில் குத்திக்கொண்டவர். பெண் வீரர்கள் தங்கள் பதக்கங்களை அணிந்து வரும்போது, ‘கணவருடையதா?’ என்று கேட்பது இன்றும் நடக்கிறது. போலி தின்றது போக மிச்சமிருந்த நம்பிக்கையை இந்த வேட்டைக்காரர்கள் தின்கிறார்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பிரிவில் இருந்தவரிடம் கேட்கலாம், பதிவைக் கேட்டு எழுதலாம், பணமோசடி என்றால் புகார் கொடுக்கலாம். நடுத்தெருவில் ஒரு கிழவரை மறித்து நிறுத்த என்ன அவசியம்?

அதிலும், பதிவு இல்லை என்பதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். அமெரிக்கப் படையினரின் கோப்புகள் மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் இருக்கின்றன. 1973 ஜூலை 12 அன்று அங்கே ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. எரிந்துபோனவை 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள். 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. அதாவது இரண்டு உலகப்போர்களிலும் கொரியப் போரிலும் நின்றவர்களில் பெரும்பாலோரின் சான்று அது. கோப்புகளுக்கு நகலோ அட்டவணையோ கிடையாது.

தீயணைப்பு நீரில் ஊறி, ஓரம் கருகிக் கிடந்தவற்றிலிருந்து சுமார் 65 லட்சம் கோப்புகளை மீட்டார்கள். இன்றும் எங்கோ ஒரு மூதாட்டி, கணவர் போரில் இருந்தார் என்று உதவித்தொகைக்கு எழுதும்போது, அங்குள்ள பணியாளர்கள் கருகிய ஒரு காகிதக் கட்டை வெளியே எடுக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பூஞ்சையும் சாம்பலும் நீக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, மிச்சமிருக்கும் பெயரையும் எண்ணையும் தேடுகிறார்கள். கோப்பு முழுசாகப் போயிருந்தால் பழைய சம்பளப் பட்டியல்களில் பார்க்கிறார்கள்.